வருகைப் பதிவேட்டில் ஒரு வெற்றிடம்

கோலார் தங்கவயலின் பாலகாட் பகுதிக்குக் களப்பணிக்காகச் சென்றிருந்தபோது, ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் சொன்னது இது. தம் வகுப்பு மாணவன் இறந்த மறுவாரம் அவர் வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயர்களை வாசித்தார். அவனுடைய எண் வந்ததும் குரல் எழவில்லை. பிள்ளைகளும் தலைகுனிந்திருந்தனர். அதற்குள் பள்ளி தன் கடமைகளை முடித்திருந்தது: இரண்டு நிமிட மௌனம், ஒரு மலர்வளையம், ஒருநாள் விடுமுறை.

நம் கல்வி நிருவாகம் பேரிடரைக் கட்டடத்தின் சிக்கலாகவே பார்த்துப் பழகியது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீவிபத்தில் 94 குழந்தைகள் மாண்டனர். அதன்பின் கூரைகள் அகற்றப்பட்டன. அவ்விபத்தையொட்டிய பொதுநல வழக்கில் 2009இல் உச்சநீதிமன்றம் தீயணைப்புக் கருவிகள், கட்டட விதிகள், ஆசிரியர்களுக்கான பயிற்சி ஆகியவற்றைக் கட்டாயமாக்கியது. தேவையான தீர்ப்பு, ஐயமில்லை. ஆனால் தீயை அணைக்கக் கற்ற ஆசிரியர், உயிர் பிழைத்துத் திரும்பிய பிள்ளையிடம் என்ன பேசுவது?

தங்கவயலில் இக்கேள்வி இன்னும் கடினமானது. பாறைவெடிப்பில் ஒரே நாளில் பலர் மாண்டபோது ஊரே கூடி அழுதது. சிலிக்காத் தூசியால் நுரையீரல் கெட்டு ஆண்டுக்கணக்கில் இருமி இறந்தவருக்கோ அப்படியொரு நாளே இல்லை. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டபின், வேலைக்காகப் பெங்களூருக்கு விடியற்காலை ரயிலேறி இரவில் திரும்பும் பெற்றோர் பெருகினர். அத்தகைய வீட்டுப் பிள்ளைக்குத் துக்க நாளில் அளிக்கும் விடுமுறை, ஆளில்லாத வீட்டுக்கு அனுப்புவதேயாகும். மரியாதை என நாம் கருதும் இச்சடங்கைத்தான் நான் முதலில் எதிர்க்கிறேன்.

‘ஆசிரியர் உளவியலாளர் அல்லர்’ என்பர். உண்மை. சிகிச்சை தேவைப்படுவோருக்கு ஏறத்தாழ நூறு கிலோமீட்டரில் நிம்ஹான்ஸ் இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணும் இருக்கிறது. ஆனால் துக்கம் நோயன்று. பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தேவை, நடந்ததை மறைக்காமல் சொல்லும் ஒரு பெரியவர். அதையும் வீட்டு மொழியில் சொல்ல வேண்டும். கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ பாடம் படிக்கும் தமிழ்ப்பிள்ளை தமிழில்தான் அழுகிறது.

ஆசிரியரின் துயரைப் பற்றி எவரும் பேசுவதில்லை. பதினாறாம் நாள் காரியம் முடியுமுன்பே, எஞ்சிய தற்செயல் விடுப்பை எண்ணிப் பார்த்துக்கொண்டு பணிக்குத் திரும்புபவர் அவர். முதல் வாரத்தில் அவருடைய வகுப்பில் சக ஆசிரியர் ஒருவர் உடனிருக்கலாம். வருகைக் குறைவுக்காகத் துக்கவீட்டுப் பிள்ளையைத் தண்டிக்காதிருக்கலாம். வகுப்பாசிரியர் அவ்வீட்டுக்கு ஒருமுறை போகலாம். முதலாண்டு நினைவுநாளைக் குறித்துவைக்கலாம். இவற்றுக்கு அரசாணை வேண்டியதில்லை.

அந்த ஆசிரியை பின்னர் என்ன செய்தார் என்று கேட்டேன். அவ்வாண்டு முழுவதும் எண்களைச் சொல்லி அழைப்பதை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு முகமாகப் பார்த்து வருகையைக் குறித்தாராம். தலைமையாசிரியர் காரணம் கேட்கவில்லை என்றார்.