விருந்தினர் மலசலகூடத்துக்கு எந்தக் கடதாசி?

யுத்தம் 2009இல் முடிவுற்றது. 2014 ஒக்டோபரில் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. 2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாயிற்று. புலம்பெயர்ந்த உறவுகளும் வெளிநாட்டவரும் வந்து தங்குவதால், எமது தியான இல்லங்களும் விடுதிகளும் மண்டபங்களும் மலசலகூடத்தில் கடதாசிச் சுருள் வைப்பது பற்றி யோசிக்க வேண்டியுள்ளது. வைப்பதில் தவறில்லை. ஆனால் கடதாசி வந்ததென்று வாளியையும் கோப்பையையும் அகற்றுவது தவறு என்பதே எமது கருத்து.

குடாநாட்டில் வற்றாத ஆறு எதுவுமில்லை. சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளில் தேங்கும் மழைநீரையே கிணறுகளில் அள்ளுகின்றோம். அதே வெடிப்புகளின் வழியே மலக்குழியின் கழிவும் இறங்குகின்றது. உரத்தினாலும் மலக்குழிகளினாலும் பல கிணறுகளில் நைத்திரேற்று கூடியுள்ளதை ஆய்வுகள் காட்டியுள்ளன. உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதற்கு மேற்பட்டால் புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளுக்கே முதலில் ஆபத்து.

கடதாசி நைத்திரேற்றைக் கூட்டுவதில்லை. ஆனால் கரையாத கடதாசி குழாயை அடைக்கும். குழியை விரைவில் நிரப்பும். மாரியில் நிலத்தடி நீர் உயரும்போது நிரம்பிய குழி பொங்கினால், கிணற்றுக்கே கேடு.

ஆகவே வாங்குமுன் ஒரு சோதனை செய்யுங்கள். போத்தலில் நீர் நிரப்பி இரண்டு துண்டு கடதாசியை இட்டு நன்றாகக் குலுக்குங்கள். கூழாகிப் பிரிந்தால் வாங்கலாம். மேசையில் வைக்கும் சேவியற், முகம் துடைக்கும் ரிசு என்பன ஈரத்திலும் கிழியாதிருக்கச் செய்யப்பட்டவை, அவை வேண்டாம். ஈரத் துடைப்பான்கள் பலவற்றில் பிளாஸ்ரிக் இழை உண்டு. அவை அறவே கூடாது. வாசனையும் நிறமும் வீண் செலவு. வாளியில் தண்ணீர் ஊற்றும் சிறிய குழிகளாயின், கடதாசியை மூடியுள்ள கூடையில் இடும்படி மும்மொழியிலும் எழுதி வையுங்கள். அக்கூடையை நாள்தோறும் வெறுமையாக்க ஒருவரைப் பொறுப்பாக்குங்கள்.

பணம் மட்டாக இருந்தால் எதற்கு முதலிடம்? தண்ணீர், சவர்க்காரம், பெண்களின் தேவைக்கு மூடியுள்ள கூடை, சுத்தம் செய்பவருக்குக் கையுறையும் நியாயமான கூலியும். இவற்றின் பின்னரே கடதாசி. கடதாசி சவர்க்காரத்துக்கு ஈடாகாது.

"கடதாசி இல்லாவிட்டால் வருபவர்கள் எம்மை மதிப்பார்களா?" எனக் கேட்போர் உண்டு. பழகியவருக்கு அது வேண்டும். கழுவியபின் ஈரம் துடைக்கவும் உதவும். அதனால் இரண்டையும் வைப்போம். ஆனால் எமது வழக்கத்தையிட்டு வெட்கப்பட வேண்டியதில்லை. 2020 மார்ச்சில் கொரோனா பரவியபோது, அவுஸ்திரேலியக் கடைகளில் இச்சுருளுக்காகச் சனங்கள் முண்டியடித்தனர். வாளியும் கோப்பையும் உள்ள வீட்டுக்கு அந்தப் பயம் வரவில்லை.

பாளையத்துக்குப் புறம்பே மண்ணைத் தோண்டிக் கழிவை மூடும்படி உபாகமம் 23ஆம் அதிகாரம் இஸ்ரவேலருக்குக் கட்டளையிடுகின்றது. இறைவன் உலாவும் இடம் சுத்தமாயிருக்க வேண்டும் என்பதே அதற்குச் சொல்லப்படும் காரணம். எமது நிருவாக சபைகள் கடதாசியின் விலையைக் கேட்குமுன், மலக்குழிக்கும் கிணற்றுக்கும் இடையிலுள்ள தூரத்தை அளந்து பார்க்கட்டும். வழக்கமாகச் சொல்லப்படும் 50 அடிகூட எமது சுண்ணாம்புக் கல்லில் போதாமற் போகலாம். விருந்தினர் சில நாளில் போய்விடுவர். அந்தக் கிணற்றில் நாளையும் குடிக்கப்போவது எமது பிள்ளைகளே.