கொல்லிமலை மூலிகையும் வெண்புள்ளியும்

காரவள்ளியில் தொடங்கி 70 கொண்டை ஊசி வளைவு. ஏறி முடித்தால் ஆகாய கங்கை, அறப்பளீஸ்வரர், சித்தர் குகைகள்... கூடவே, எல்லா நோய்க்கும் இங்கே மருந்து இருக்கிறது என்கிற நம்பிக்கை. அந்த நம்பிக்கையோடு கொல்லிமலை ஏறுகிறவர்களில் வெண்புள்ளி வந்தவர்களும் உண்டு.

அதைக் கேலி செய்ய வேண்டியதில்லை. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கார்போகரிசியைச் சித்த வைத்தியம் வெண்புள்ளிக்கு நெடுங்காலமாகக் கொடுத்து வருகிறது. அதிலுள்ள சோராலென் தோலில் ஏறியபின் புற ஊதாக் கதிர் பட்டால் நிறம் திரும்பும். ஆங்கில மருத்துவத்தின் 'புவா' சிகிச்சைக்கும் இதே சோராலென்தான் அடிப்படை. ஆனால் அளவு தெரியாமல் தடவிக்கொண்டு வெயிலில் நின்றால் தோல் வெந்து கொப்புளம் போடும். புண்பட்ட இடத்தில் புதுத் திட்டு கிளம்புவதும் உண்டு. மூலிகைக்குப் பக்கவிளைவே கிடையாது என்று அடித்துச் சொல்பவர்கள் கொஞ்சம் யோசிக்கலாம்!

இந்த நோய் ரத்தக் கெடுதலால் வருவதல்ல. மீனும் தயிரும் சேர்த்துச் சாப்பிட்டதாலும் அல்ல. காவல்காரனே வீட்டுக்காரரை அடிக்கிற கதை. தோலுக்கு நிறம் தருபவை மெலனோசைட் செல்கள். கிருமியோடு சண்டை போட வேண்டிய சிடி8 டி-செல்கள் இவற்றைத் தாக்குகின்றன. தாக்கும்போது இன்டர்ஃபெரான் காமா என்ற பொருளை விடுகின்றன. அதைக் கண்டு தோல் செல்கள் ஒரு சமிக்ஞை அனுப்ப, இன்னும் கொஞ்சம் டி-செல்கள் வந்து சேர்கின்றன. இந்தச் சங்கிலியை இடையில் அறுப்பதுதான் ருக்ஸோலிடினிப் களிம்பின் வேலை. அமெரிக்கா 2022 ஜூலையில் இதை வெண்புள்ளிக்கு அனுமதித்தது. விலையோ, அங்கே ஒரு டியூப் ஏறத்தாழ 2,000 டாலர். நாமக்கல் மாவட்டத்துக் கூலித் தொழிலாளிக்கு அது கனவு. குறுகிய அலைவரிசைப் புற ஊதா ஒளி சிகிச்சை அவ்வளவு செலவு வைக்காது. அதற்குத் தேவை பல மாதப் பொறுமை.

முக்கியமான விஷயம், நிறம் திரும்புவது பெரும்பாலும் மயிர்க்காலில் மிச்சமிருக்கும் செல்களிலிருந்துதான். அதனால்தான் முடியில்லாத உதட்டிலும் விரல் நுனியிலும் குணமாவது கஷ்டம். திட்டின் மேலுள்ள முடியும் வெளுத்துவிட்டால் கையிருப்பு காலி என்று அர்த்தம். லேகியம், பத்தியம் என்று மலைக்கும் ஊருக்கும் அலைந்து இரண்டு வருஷம் போனால், போவது பணம் மட்டுமல்ல, இந்தக் கையிருப்பும்தான்.

நாமக்கல்லில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. இருந்தும் திட்டை மறைத்துக்கொண்டு மலைக்குப் போக வைப்பது 'வெண்குஷ்டம்' என்கிற சொல். தொழுநோய் பாக்டீரியாவால் வருவது, அந்தத் திட்டில் உணர்ச்சி மங்கிப் போகும். வெண்புள்ளியில் தொட்டால் தெரியும், கிள்ளினால் வலிக்கும், யாருக்கும் ஒட்டாது. வெண்புள்ளிகள் விழிப்புணர்வு இயக்கம் விடாமல் கேட்டதால், 2010-இல் தமிழக அரசு 'வெண்புள்ளிகள்' என்றே சொல்ல வேண்டும் என ஆணையிட்டது. கல்யாணத் தரகர்களுக்கு மட்டும் அந்த ஆணை இன்னும் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது.