கிணற்று மட்டமும் கைப்பேசியும்

கிணற்றில் நீர் இறங்கிவிட்டதென்பதை நம் குடியானவர்கள் பெரும்பாலும் பம்பு காற்றை இழுக்கத் தொடங்கிய பின்னரே அறிகின்றனர். அப்போது பயிர் பாதி வளர்ந்து நிற்கும். கடன் வாங்கிக் கிணற்றை ஆழப்படுத்துவதன்றி வேறு வழியிராது. இவ்விஷயத்தில் வடநாட்டுக் கிராமத்தார் சிலர் செய்துள்ள காரியம் நம் கவனத்திற்குரியது.

2012-ஆம் ஆண்டில் தொடங்கிய "மார்வி" என்னும் திட்டத்தின்கீழ், குஜராத்தில் மேக்ராஜ், ராஜஸ்தானத்தில் தர்த்தா ஆகிய இரு நீர்ப்பிடிப்புப் பகுதிகளில், சுமார் 360 கிணறுகளை ஊராரே வாரந்தோறும் அளந்து வந்தனர். அளப்போருக்குப் "பூஜல் ஜான்கார்", அதாவது நிலத்தடி நீரை அறிந்தவர், என்று பெயர். மழையளவையும் தடுப்பணை மட்டத்தையும்கூட அவர்களே பார்த்தனர். அளவுகளைக் கைப்பேசி வழியாகச் சேர்த்துவைக்க "மைவெல்" என்றொரு செயலியும் ஏற்பட்டது.

அவ்விடங்கள் நம் கொங்கு நாட்டைப் போலவே கடினப் பாறை பூமி. பாறை வெடிப்புகளில் தங்கும் நீரே அங்கு ஊற்று. நல்ல மழையில் மளமளவென்று ஏறும், சில மாத இறைப்பில் இறங்கிவிடும். வேலையோ எளிது. சுற்றுச்சுவரில் ஓர் அடையாளமிட்டு, பம்பு ஓட்டுவதற்கு முன் விடியற்காலையில், எடை கட்டிய நாடாவை எப்போதும் அவ்விடத்திலிருந்தே இறக்கவேண்டும். இறைத்த பிறகு எடுத்த அளவு பிரயோஜனப்படாது.

2022-ஆம் ஆண்டில் மத்திய சர்க்கார் "ஜல்தூத்" என்னும் செயலியை ஏற்படுத்தி, கிராமத்திற்கு இரண்டு மூன்று கிணறுகளை மே மாதத்திலும் அக்டோபர் மாதத்திலும் அளந்து, படத்துடன் அனுப்பச் செய்துள்ளது. வரவேற்கத்தக்கதே. ஆயினும் அக்டோபரை மழைக்குப் பிந்திய மாதமெனக் கொள்வது வடநாட்டிற்கே பொருந்தும். நமக்கோ வடகிழக்குப் பருவமழை அப்போதுதான் தொடங்குகிறது! அந்த அளவை மட்டும் கொண்டு ஓர் ஊரில் நீர் ஏறவில்லையென்று தீர்மானித்தல் நியாயமாகாது. நமக்கு ஜனவரி அளவு இன்றியமையாதது.

கிணற்றின் ஆழம் வெளியே தெரிந்தால் வரியோ தடையோ வருமென்று அஞ்சுவோர் உண்டு. அவ்வச்சத்தை நாம் பரிகசிக்கவில்லை. ஆனால் நம் மாநிலத்தில் நீர் மிகையாக எடுக்கப்படுகிறதா என்பதைப் பிர்கா பிர்காவாக மதிப்பிட்டே வருகின்றனர். ஊரார் கையில் சொந்தக் கணக்கு இல்லாவிடில், பிறர் எழுதிய கணக்கை எதைக் கொண்டு மறுப்பது?

நம் அபிப்பிராயத்தில், மேலே அனுப்பும் ஒவ்வோர் அளவும் அன்றே பஞ்சாயத்துப் பலகையில் எழுதப்படவேண்டும். தம் கிணற்றின் நிலையை உடையவரே கடைசியில் அறிவதென்பது தகாது. தை முதல் வாரத்து மட்டம் தெரிந்தால், கோடையில் எத்தனை ஏக்கருக்கு நீர் பாயும், கரும்பா எள்ளா என்பதை விதைக்கு முன்பே நிச்சயிக்கலாம். கைப்பேசியில் பழக்கமில்லாதோர் நோட்டுப் புத்தகத்தில் குறித்துக் கொடுத்தால், வீட்டுப் பிள்ளைகள் பதிந்துவிடுவார்கள்.