குப்பையும் சிற்பமும்

சித்திரக் கல்லூரி மாணவர்கள் நாலுபேர் கூடித் துடைப்பக் குச்சி, தகர டப்பா, கிழிந்த சாக்கு இவைகளைக்கொண்டு உருவம் செய்தால், "இது குப்பையல்லவா? கல்லும் வெண்கலமுமல்லவா சிற்பம்?" என்று கேலி பேசும் பெரிய மனிதர்களை ஒன்று கேட்கின்றோம். நைஜீரியா சர்வகலாசாலையில் 1975 முதல் சிற்பம் போதித்த எல் அனட்சுய் என்பவர் செய்ததென்ன? சாராயப் புட்டி மூடிகளைப் பொறுக்கி, வாலிபர்கள் பலரை உட்காரவைத்து, நசுக்கி, மடித்து, செம்புக் கம்பியால் கோத்துச் சுவரளவு சிற்பமாக்கினார். புட்டிச் சாராயம் அந்நாட்டில் எப்படி நுழைந்தது? வெள்ளைக்காரன் கப்பலில் கொண்டுவந்து, மனிதனை அடிமையாக வாங்க விலையாகக் கொடுத்த சரக்கல்லவா அது! இந்தக் கதையைக் கருங்கல் சொல்லுமா? 2015-ல் வெனிஸ் கண்காட்சியார் அவருக்குத் தங்கச் சிங்க விருது கொடுத்தார்கள். மேல்நாட்டான் மெச்சிவிட்டானென்றால் நம் பெரிய மனிதர்களுக்கும் அது சிற்பமாகிவிடும். நம் பிள்ளைகள் செய்யும்போது மாத்திரம் அவர்களுக்கு ஏன் வாய் வரவில்லை?