கழன்ற தோளுக்கு எத்தனை முறை கட்டுப் போடுவது?

நம்மவர் வீடுகளில் ஒரு பையனுக்குத் தோள்பட்டை ஒருமுறை கழன்று, மறுபடி கழன்று, மூன்றாம் முறையும் கழன்றால்கூட யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. "அவனுக்கு அது அப்படித்தான்" என்று பழகிப்போகிறது. தைலம் தேய்க்கிறோம், புத்தூர்க் கட்டுப் போடுகிறோம், கையைத் தூக்காதே என்று கண்டிக்கிறோம். பெங்களூரில் இத்தனை எலும்பு மருத்துவர்கள் இருக்க, இது சரியல்ல என்பது என் கருத்து.

சங்க விளையாட்டு விழாவில் குழந்தைகள் கரண்டியில் எலுமிச்சம்பழம் வைத்து ஓடுகிறார்களே, தோள் மூட்டும் ஏறக்குறைய அப்படித்தான். பந்து பெரிது, கிண்ணம் ஆழமற்றது. அதனால்தான் கையை எல்லாத் திசையிலும் சுழற்ற முடிகிறது. அதனால்தான் எளிதில் கழல்கிறது. கிண்ணத்தின் விளிம்பைச் சுற்றி ஒரு குருத்து வளையம் உண்டு. பந்து முன்பக்கமாகக் கழலும்போது அந்த வளையம் பிய்கிறது. இளவயதில், எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும், அது பழைய இடத்தில் சரியாக ஒட்டுவதில்லை. கட்டியவரையோ பையனையோ குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் எக்ஸ்ரே எடுக்காமல் கையை வெடுக்கென்று இழுத்து ஏற்றுவது ஆபத்து. எலும்பு முறியலாம், நரம்பு பாதிக்கப்படலாம்.

பிய்ந்த விளிம்பை மீண்டும் எலும்போடு தைக்க வேண்டும் என்று 1923-லேயே எழுதினார் லண்டன் மருத்துவர் பாங்கார்ட். இன்றும் அடிப்படை அதுதான். தோளைப் பெரிதாகத் திறக்காமல், சிறு துளைகள் வழியே கேமராவை நுழைத்துத் தைக்கிறார்கள். தள்ளிப்போட்டால் என்ன? ஒவ்வொரு முறை கழலும்போதும் கிண்ணத்தின் எலும்பு கொஞ்சம் தேய்கிறது, பந்தின் பின்புறம் பள்ளம் விழுகிறது. கிண்ணம் அதிகம் தேய்ந்துவிட்டால் தையல் தாங்காது. பக்கத்து எலும்பில் ஒரு துண்டைத் தசைநாரோடு வெட்டி, கிண்ணத்தின் முன்னால் திருகாணியால் பொருத்த வேண்டிவரும். பிரெஞ்சு மருத்துவர் லத்தார்ஷே 1954-ல் சொன்ன முறை இது. நல்ல சிகிச்சைதான், ஆனால் சின்னதில் முடிந்திருக்க வேண்டியது.

கழன்றவர் எல்லாரும் கத்திக்குப் போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஸ்வீடனில் 25 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், 25 வயதுக்குள் முதல்முறை கழன்று அறுவை செய்யாமல் விடப்பட்ட தோள்களில் ஏறக்குறையப் பாதி மீண்டும் கழலவே இல்லை, அல்லது நாளடைவில் நிலைத்துவிட்டன. நாற்பதைத் தாண்டியவர்களுக்குத் திரும்பக் கழல்வது குறைவு. ஆனால் தசைநார் கிழிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வலிப்பு நோய் உள்ளவர்கள் முதலில் அதைக் கட்டுப்படுத்த வேண்டும். இரண்டாம் முறையும் கழன்ற இளைஞனோ, கையை உயர்த்தி வேலை செய்தே பிழைக்கும் பெயிண்டரோ காத்திருப்பதில்தான் எனக்கு நியாயம் தெரியவில்லை. பெண்பிள்ளை என்றால் "கல்யாணம் ஆகட்டும், தழும்பு தெரியும்" என்று மறைக்கிறார்கள். பிறகு கைக்குழந்தையைத் தூக்கப் பயப்படுவது அந்தப் பெண்தானே?

கிரிக்கெட் வீரர் ஸ்ரேயாஸ் ஐயருக்கு 2021 மார்ச்சில் புனே ஆட்டத்தில் இடது தோள் நழுவியது. ஏப்ரலில் அறுவை, செப்டம்பரில் மைதானம், நவம்பரில் கான்பூரில் முதல் டெஸ்டிலேயே சதம். அவருக்கு இருந்த வசதி நமக்கு இல்லை, உண்மை. ஆனால் எலும்புச் சிகிச்சைக்கென்றே ஜெயநகரில் மாநில அரசின் சஞ்சய் காந்தி மருத்துவமனை இருக்கிறது. முதலில் அங்கே விசாரிக்கலாம்.

அறுவைக்குப் பின் நாலிலிருந்து ஆறு வாரம் கையைத் தூளியில் தொங்கவிட வேண்டும். கபடி போன்ற ஆட்டங்களுக்கு ஏறக்குறைய ஆறு மாதம். நடுவில் தினமும் உடற்பயிற்சி. அதை விட்டால் தோள் இறுகிப்போகும். மருத்துவரிடம் போகும்போது இதுவரை எத்தனை முறை, எந்த நிலையில் கழன்றது என்று எழுதி எடுத்துப் போங்கள். கிண்ணத்து எலும்பு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று கேளுங்கள். எந்த அறுவை என்பதைப் பெரும்பாலும் அந்தப் பதில்தான் தீர்மானிக்கும்.