உடற்பயிற்சிச் சந்தா: கட்டுவது எளிது, மீட்பது அரிது

உடற்பயிற்சி, யோகா, எடைக்குறைப்பு ஆகியவற்றைச் செல்போன் வழியே கற்றுத்தரும் ஆப்கள் பெரும்பாலும் சந்தாவை நம்பியே நடக்கின்றன. ஆர்வத்தோடு சேருகிறவர்களில் பலர் சில வாரங்களில் பயிற்சியை விட்டுவிடுவார்கள். சந்தா மட்டும் தானாகப் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். ஆப்பைத் திறந்தே பார்க்காதவரிடமிருந்தும் வருமானம் வருவதால், சேரும் வழியை அகலமாகவும் விலகும் வழியைக் குறுகலாகவும் வைப்பது நிறுவனத்துக்கு லாபம். ஏமாற்றுச் சந்தாக்கள் பலவற்றுக்கும் அடிப்படை இந்தக் கணக்குதான்.

விற்பனை பெரும்பாலும் கேள்விகளில் தொடங்குகிறது. வயது என்ன, எடை என்ன, எத்தனை கிலோ குறைய வேண்டும் என்று திரைக்குமேல் திரையாக வரும். பதில் சொல்லி முடித்ததும், மூன்று மாதத்தில் எடை சரசரவென்று இறங்குவதைக் காட்டும் வரைபடம் தோன்றும். அடுத்து விலை. 'ஒரு நாளைக்கு 3 ரூபாய்தான்' என்பது கொட்டை எழுத்தில் இருக்கும்; ஓராண்டுக்கான 1,095 ரூபாயும் மொத்தமாக இன்றே எடுக்கப்படும் என்பது அடியில் பொடி எழுத்தில் இருக்கும். 'சலுகை முடிய இன்னும் 10 நிமிடம்' என்று ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடும். பக்கத்தை மூடித் திறந்தால் அதே 10 நிமிடம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். வேண்டாம் என்பவர் அழுத்த வேண்டிய பொத்தானில், 'என் உடல்நலத்தில் எனக்கு அக்கறை இல்லை' என்று எழுதியிருக்கும்.

இன்னொரு வழி, '7 நாள் இலவசம்'. இலவசத்துக்கே கார்டு அல்லது யு.பி.ஐ. அனுமதி கேட்கப்படும், எட்டாம் நாள் முழுத் தொகையும் கணக்கிலிருந்து போய்விடும். ஆப்பை நீக்கிவிட்டால் சந்தாவும் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி முடிவதில்லை. ஆப் போன பிறகும் பணம் எடுக்கும் அனுமதி உயிரோடு இருக்கும். அதைத் தனியாக ரத்து செய்தாக வேண்டும்.

இந்த முறை நீதிமன்றம் வரை போனதற்குத் தெரிந்த உதாரணம், அமெரிக்காவின் நூம் என்ற எடைக்குறைப்பு ஆப். குறைந்த விலைச் சோதனைக் காலத்தைக் காட்டிச் சேர்த்துக்கொண்டு, விலகுவதைக் கடினமாக்கிவிட்டு, தானாகப் புதுப்பித்துப் பணம் எடுத்தது என்று வாடிக்கையாளர்கள் கூட்டாக வழக்குத் தொடுத்தார்கள். நிறுவனம் குற்றச்சாட்டை ஏற்கவில்லை. ஆனாலும் 2022-இல் 6.2 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. அதில் 5.6 கோடி ரொக்கம், மீதி சந்தாச் சலுகை.

இந்தியாவில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டுதல்கள், இணைய வணிகத்தின் 13 ஏமாற்று உத்திகளைப் பட்டியலிட்டுத் தடை செய்கின்றன. பொய் அவசரம் காட்டுவது, வேண்டாம் என்பவரைக் கூச வைப்பது ஆகியவை அதில் உண்டு. சந்தாப் பொறி தனி இனமாகவே இருக்கிறது: ரத்து செய்யும் வசதியை ஒளித்து வைப்பது, ரத்து செய்வதைச் சுற்றி வளைத்துச் சிக்கலாக்குவது, இலவசச் சேவைக்கே தானியங்கிப் பணப் பிடித்தத்துக்கு ஒப்புதல் வாங்குவது எல்லாம் அதில் அடங்கும்.

ரிசர்வ் வங்கியின் விதிப்படி, சந்தாப் பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பே வாடிக்கையாளருக்குத் தகவல் வர வேண்டும்; அந்தப் பிடித்தத்தை மறுக்கும் வசதியும் இருக்க வேண்டும். ஆனால், முதலில் அனுமதி தந்துவிட்டால், அடுத்தடுத்த பிடித்தங்களுக்கு 15,000 ரூபாய் வரை ஓ.டி.பி. தேவையில்லை. உடற்பயிற்சிச் சந்தாக்கள் பெரும்பாலும் இந்த வரம்புக்குள் வருவதால், முன்தகவலைக் கவனிக்காதவருக்குப் பணம் போன பிறகே விஷயம் தெரிகிறது. பணம் கட்டிய யு.பி.ஐ. செயலியிலேயே ஆட்டோ-பே பகுதிக்குப் போய் அனுமதியை ரத்து செய்யலாம். ரீஃபண்ட் கேட்பதற்கு முன்னால் செய்ய வேண்டியது இதுதான்.

போன பணத்தைத் திரும்பப் பெறுவது வேறு கதை. கூகுள் பிளே வழியாகக் கட்டியிருந்தால், 48 மணி நேரத்துக்குள் கூகுளிடமே கேட்பது நல்லது; பிறகு, ஆப் நிறுவனத்தைத்தான் அணுகச் சொல்வார்கள். நேரடியாகக் கட்டியிருந்தால், 'கட்டிய பணம் திருப்பித் தரப்படாது' என்ற நிபந்தனையைக் காட்டுவார்கள். ஆனால், அந்த வரியோடு எல்லாம் முடிந்துவிடுவதில்லை. குறைபாடுள்ள சேவைக்கு வாங்கிய பணத்தை ரசீதில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திருப்பித் தர மறுப்பதை நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். தனிப் பயிற்சியாளர் தருவதாகச் சொல்லிவிட்டுத் தானியங்கிப் பதிலை மட்டும் அனுப்புவது குறைபாடு என்று வாதாட இடமுண்டு. பயிற்சி செய்யச் சோம்பலாக இருந்தது என்பதற்குச் சட்டம் துணை வராது.

புகாருக்கு ஆதாரம் முக்கியம். விளம்பரம், விலைத் திரை, ரத்து செய்ய முயன்ற திரைகள், வங்கியிலிருந்து வந்த குறுஞ்செய்தி ஆகியவற்றின் ஸ்கிரீன்ஷாட் வேண்டும். தொலைபேசியில் பேசியதைவிட மின்னஞ்சலில் கேட்டது எடுபடும். இணைய வணிக விதிகளின்படி, நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அதற்கும் அசையாவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். மனுவை இணையத்திலேயே தாக்கல் செய்யலாம்.

ஆயிரம் ரூபாய்க்காக யார் அலைவது என்று பெரும்பாலோர் விட்டுவிடுவதே இந்த வியாபாரத்தின் பலம். அலைச்சல் நினைப்பதைவிடக் குறைவு. நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும், புகார்தாரர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். வக்கீல் கட்டாயமில்லை. கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் வரை அவகாசம் உண்டு.