கதைப்புத்தகத்தைத் திட்டாதீங்க, பொண்ணு சொல்றதைக் கேளுங்க

கொஞ்சம் நீளமான பதிவு, கோபமும் இருக்கு. முழுசா படிச்சிட்டு அப்புறம் திட்டுங்க.

ஆவணி முகூர்த்தங்களுக்குக் கோயில்ல புக்கிங் நிறைஞ்சாச்சு. இந்த நேரத்துல நம்ம புலனக் குழுவுல ஒரு செய்தி சுத்துது. கல்யாணம் நிச்சயமான பொண்ணு "இவரு எனக்குச் சரியா வருவாரா"ன்னு குழம்புற காதல் நாவல்களைப் படிச்சுத்தான் நம்ம பிள்ளைங்க மனசு கெட்டுப்போகுதாம். கோயில் அலமாரியில இருக்குற அந்த மாதிரிப் புத்தகங்களை எடுத்துடணுமாம்.

நான் ரமணிசந்திரன் படிச்சு வளர்ந்தவ. தோட்டத்துல ஒரு புத்தகம் பத்து வீடு சுத்திட்டுத்தான் திரும்பி வரும். இந்த வகைக் கதைங்க மேல எனக்கும் ஒரு குறை உண்டு, ஆனா நீங்க சொல்ற குறை இல்லை. நான் படிச்ச பல கதையில பொண்ணோட சந்தேகம் கடைசியில தப்பாப் போயிடும். முரட்டுத்தனமா பேசினவன் உள்ளுக்குள்ள தங்கமா இருப்பான். கல்யாணமானா எல்லாம் சரியாயிடும். இதைப் படிச்சு மணவறையை விட்டு எழுந்து ஓடின பொண்ணை நான் பார்த்ததில்லை. பொறுத்துக்கிட்டு உட்கார்ந்த பொண்ணுங்களைப் பார்த்திருக்கேன்.

நாமளும் அவங்ககிட்ட அதையேதானே சொல்றோம்?

சில வருஷத்துக்கு முன்னால, முகூர்த்தத்துக்கு அரை மணி நேரம் இருக்கும்போது, அலங்கார அறையில ஒரு பொண்ணு என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "ஆன்ட்டி, அவரு ரெண்டு தடவை என்னை அடிச்சிருக்காரு"ன்னா. நான் என்ன செஞ்சேன் தெரியுமா? கண்மை கலைஞ்சிடும்னு டிஷ்யூ கொடுத்தேன். "எல்லாப் பொண்ணுக்கும் பயமாத்தான் இருக்கும்மா"ன்னு சொல்லி மாலையைச் சரி பண்ணிவிட்டேன். அபசகுனச் சத்தம் காதுல விழக்கூடாதுன்னுதான் கெட்டிமேளம் கொட்டச் சொல்றோம். அன்னிக்கு அது எதை மூடுச்சுன்னு எனக்குத் தெரியும். அடுத்த வருஷம் கைக்குழந்தையோட அதே கோயிலுக்கு வந்தா. கன்னத்துல வீக்கம். என்கிட்ட ஒண்ணும் கேக்கலை, அர்ச்சனைத் தட்டை மட்டும் நீட்டினா.

இதுல இன்னொரு சிக்கல், நம்ம ஊரு ஆர்ஓஎம் பழக்கம். வீட்டுக் கடன், நல்ல தேதி, ஏதாவது காரணம் சொல்லி ஆறு மாசம், ஒரு வருஷம் முன்னாலேயே பதிஞ்சிடுறோம். "அது வெறும் கையெழுத்து, தாலி கட்டினாத்தான் கல்யாணம்"னு வேற பேசுறோம். சட்டம் அப்படிப் பார்க்கலை. 1976 ஆம் ஆண்டு திருமண, மணவிலக்குச் சட்டப்படி, பதிஞ்ச அன்னிக்கே அவ மனைவி. விதிவிலக்கான கஷ்டம்னு நீதிமன்றம் ஒத்துக்கிட்டா ஒழிய, 2 வருஷம் முடியாம மணவிலக்கு மனு போட முடியாது. திருமணமே செல்லாதுன்னு கேக்குறதுக்கும் நீதிமன்றப் படிதான் ஏறணும். பத்திரிகை கொடுக்கும்போது அந்தப் பொண்ணுக்குச் சந்தேகம் வந்தா எங்கே போவா?

அதே சட்டம் பதிவுக்கு முன்னால 21 நாள் அறிவிப்பு ஒட்டச் சொல்லுது. இரண்டு பேரும் மனசார சம்மதிக்கிறாங்களான்னு பதிவாளர் உறுதி செய்யணும்னும் சொல்லுது. ஊர்ல யாருக்கு ஆட்சேபம் இருந்தாலும் சொல்ல 21 நாள். தாலி வாங்கிக்கப் போறவளுக்கு நாம அஞ்சு நிமிஷம் தனியாக் கொடுக்கிறதில்லை.

"அப்படின்னா பயப்படுற பொண்ணு எல்லாரோட கல்யாணத்தையும் நிறுத்தணுமா?"ன்னு கேப்பீங்க. இல்லை. அம்மா வீட்டை விட்டுப் போறோமேன்னு வர்ற அழுகை வேற. "கைப்பேசியைப் புடுங்கிப் பார்க்கிறாரு, கடன் இருக்கிறதை மறைச்சிட்டாரு, கையை ஓங்குறாரு"ன்னு வர்ற அழுகை வேற. பக்கத்துல உட்கார்ந்து கேட்டாத்தானே எது எதுன்னு தெரியும்? மாப்பிள்ளைப் பையனுக்கும் இதேதான். வீட்டுக்குப் பயந்து தலையாட்டுற பையன்களும் இருக்காங்க.

"கல்யாணம் நின்னா குடும்பத்துக்கு அபசகுனம்"ங்கிறவங்களுக்கு ஒண்ணு. புத்தூர்ல சுந்தரரோட கல்யாணத்தை மணப்பந்தலிலேயே நிறுத்தினது யாரு? ஓலையைத் தூக்கிக்கிட்டுக் கிழவர் வேஷத்துல வந்த சிவபெருமான். அங்கே காரணம் வேற, எனக்குத் தெரியும். ஆனா நின்னுபோன கல்யாணத்தை ஆண்டவனோட அருள்னு பெரிய புராணத்துல படிக்கிற நாம, நம்ம வீட்டுல ஒண்ணு நின்னா மட்டும் ஏன் அந்தப் பொண்ணை ஒதுக்கி வைக்கிறோம்?

நிர்வாகத்துக்கிட்ட நான் கேக்குறது மூணுதான். கல்யாணத்துக்குப் பதிய வரும்போதே பொண்ணுகிட்டேயும் பையன்கிட்டேயும் மூத்த தொண்டர் ஒருத்தர் தனித்தனியாப் பேசணும், பெத்தவங்க வெளியில இருக்கணும். ஆர்ஓஎம்மைக் கல்யாணத்தை ஒட்டி வச்சுக்கச் சொல்லணும். கல்யாணம் நின்னா மண்டப முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்கணும். "கட்டின காசு போயிடுமே"ன்னு யாரும் கழுத்தை நீட்டக்கூடாது.

பெத்தவங்களுக்கு: பத்திரிகை அடிச்சாச்சு, சாப்பாட்டுக்குச் சொல்லியாச்சு, எல்லாம் சரி. இன்னிக்கு ராத்திரி உங்க மகளைத் தனியாக் கூப்பிட்டு ஒரு தடவை கேளுங்க. அவ பதில் சொல்லி முடிக்கிற வரைக்கும் குறுக்கே பேசாதீங்க.

அடி, மிரட்டல்னு யாராவது மாட்டிக்கிட்டு இருந்தா தாலியான் காசே 15999 இருக்கு. நானும் இருக்கேன், இந்தத் தடவை டிஷ்யூவோட நிறுத்த மாட்டேன்.

புத்தகங்கள் அலமாரியிலேயே இருக்கட்டும். வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சதும் இதைப் பத்திப் பேசுவோம், வாங்க.

அம்பாள் துணை.